பிளாஸ்டிக்கின் சுழற்சி எந்த இடத்தில் அறுகிறது?

"பழைய பிளாஸ்டிக்கையே திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தினால், புதிதாகத் தயாரிக்க வேண்டிய தேவையே இருக்காதே? இத்தனை ஆண்டுகளாக மறுசுழற்சி என்று சொல்லியும் ஏன் அது நடக்கவில்லை? உற்பத்தியிலும் பயன்பாட்டிலும் எதை மாற்ற வேண்டும்? ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பாட்டில்களை நறுக்கி, கழுவி, குருணையாக்கும் ஆலைகளில் நெடுங்காலம் தரப் பரிசோதனை செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும். ஏனென்றால் இந்த விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லப்படும் பதில்கள்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

முதல் கேள்விக்கு விடை, முடியாது. மனமில்லாமல் சொல்லவில்லை, கணக்கு இடம் கொடுக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் சுமார் 46 கோடி டன். அதே ஆண்டில் குப்பையாக வெளியே வந்தது 35.3 கோடி டன். மீதி 10 கோடி டன்னுக்கும் மேல் எங்கே? கட்டடங்களில் குழாயாக, சுவருக்குள் மின்கம்பி உறையாக, வாகனங்களில் பாகமாக உட்கார்ந்திருக்கிறது. பொதி உறை சராசரியாக ஆறு மாதத்தில் குப்பைக்கு வந்துவிடும். கட்டுமானத்தில் போன பிளாஸ்டிக் வெளியே வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆக, ஒரு கிராம்கூட சிந்தாமல் அத்தனை குப்பையையும் மறுசுழற்சி செய்தாலும் அந்த ஆண்டின் தேவையை அது நிரப்பாது. தேவை வளர்ந்துகொண்டே இருக்கும்வரை பழையது புதியதை எட்டிப் பிடிக்கவே முடியாது. 1950-இல் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, கசிவு. அதே 2019-இல் மறுசுழற்சிக்கென்று சேகரிக்கப்பட்டது மொத்தக் குப்பையில் சுமார் 15 விழுக்காடு. உண்மையில் மறுசுழற்சி ஆனது 9 விழுக்காடு மட்டுமே. அதாவது, சிரமப்பட்டுச் சேகரித்து, தரம் பிரித்து, லாரியில் ஏற்றி ஆலைவரை கொண்டுவந்ததிலேயே ஐந்தில் இரண்டு பங்கு கழிவாக வெளியே போய்விட்டது. பொதுவாகப் பேசும்போது யாரும் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. ஒரு மாதிரிக் கணக்குப் போடுங்கள்: 80 விழுக்காட்டைச் சேகரித்து, அதில் 80 விழுக்காட்டைச் சரியாகப் பிரித்து, அதில் 80 விழுக்காடு கழுவி உருக்கிய பின் மிஞ்சினால், ஒரு சுற்றில் கையில் நிற்பது ஏறக்குறைய பாதி. இரண்டாம் சுற்றில் கால்வாசி. மூன்றாம் சுற்றில் எட்டில் ஒரு பங்கு. 80 என்பது எந்த நாட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய எண். அதுவே இப்படித்தான் கரைகிறது.

சரி, ஆலைக்குள் வந்த பிளாஸ்டிக் ஏன் கழிவாகிறது? இங்கேதான் நான் நின்று நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

நாங்கள் தினமும் செய்யும் ஒரு சோதனை உண்டு. கழுவி உலர்த்திய பெட் (PET, தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டில் செதில்களை ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சுமார் 220 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் வைப்போம். உள்ளே போகும்போது எல்லாச் செதில்களும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நகம் அளவு, கண்ணாடி போன்ற தெளிவு. வெளியே எடுக்கும்போது பெட் செதில்கள் பால் வெள்ளையாக மாறியிருக்கும். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருகிய பழுப்பு நிறத்தில் சில கிடக்கும். அவை பி.வி.சி. (PVC) என்ற வேறொரு வகை பிளாஸ்டிக்; பாட்டிலைச் சுற்றி இறுக்கமாகச் சுருங்கி ஒட்டியிருந்த லேபிள் உறையிலிருந்து வந்தவை. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடை போடுவோம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அந்தச் சரக்கு பாட்டிலுக்கு லாயக்கில்லை. பெட்டை உருக்கத் தேவையான 260 டிகிரிக்கு முன்பே பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். அது பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாக்கும், நிறத்தை மஞ்சளாக்கும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதேதான்.

தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். மூடியும் பாலித்தீன் லேபிளும் தண்ணீரைவிட லேசானவை, மிதந்துவிடும், அள்ளிவிடலாம். பெட்டும் பி.வி.சி.யும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. இரண்டும் சேர்ந்தே மூழ்கும். ஆலையில் எத்தனை கோடி கொட்டி இயந்திரம் வைத்தாலும் தீராத இந்தத் தலைவலியை, லேபிளை வடிவமைத்தவர் மிதக்கும் வகை உறை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் முளையிலேயே கிள்ளியிருக்கலாம். பாட்டிலின் உள்ளே இருக்கும் பானத்துக்கும் அதைக் குடிப்பவருக்கும் அதனால் எந்த வேறுபாடும் தெரியாது.

இன்னொரு பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். திரவ சோப்பு வரும் பாட்டிலின் தலையில் இருக்கும் பம்ப். அதைக் கழற்றி மேசைமேல் பரப்பினால் பாலிப்ரொப்பிலீன் தலை, பாலித்தீன் உறிஞ்சு குழல், உள்ளே துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங், வால்வுக்காக ஒரு சிறு குண்டு என்று ஏழெட்டுத் துண்டுகள் வரும். அரை நிமிட வேலைக்காக மிகுந்த கெட்டிக்காரத்தனத்தோடு ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. திரும்பப் பிரிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் பொருத்தப்பட்டவை. அந்த ஸ்பிரிங் நறுக்கும் இயந்திரத்தின் கத்தியைப் பதம் பார்க்கும். ஆகவே பம்ப் முழுதும் கழிவுக்குப் போகும். பல அடுக்குப் பொட்டலங்களின் நிலை இதைவிட மோசம். பெட், அலுமினியம், பாலித்தீன் மூன்றும் தலைமுடியைப் போன்ற தடிமனில் பசையால் ஒன்றாகியிருக்கும். ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுப்பதில் அதற்கு நிகரில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைப் பிரித்தெடுத்துப் பொருளாக்குவது இன்றைய நிலையில் பெரும்பாலான இடங்களில் கட்டுப்படியாகாது.

நிறமும் ஒரு பெரிய சிக்கல். தரம் பிரிக்கும் இயந்திரங்கள் அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது எந்த பிளாஸ்டிக் என்று அடையாளம் காண்கின்றன. கரித்தூளால் கறுப்பாக்கப்பட்ட தட்டு அந்த ஒளியை முழுவதுமாக விழுங்கிவிடும். இயந்திரத்தின் கண்ணுக்கு அது இல்லாத பொருள். நேராகக் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். பச்சை, நீலப் பாட்டில்களைப் பிரிக்க முடியும், ஆனால் அவற்றைத் தெளிவான பாட்டிலாக்க முடியாது. தென் கொரியா 2019-இன் இறுதியில் நிறமுள்ள பெட் பாட்டில்களைச் சட்டத்தின் மூலம் தடுத்தது. சிறிய விதிதான், ஆலைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

இவற்றையெல்லாம் கடந்து சுத்தமாகப் பிரித்த பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு முறை உருகும்போதும் கொஞ்சம் கிழடாகிறது. பாலிப்ரொப்பிலீனின் சங்கிலிகள் அறுந்து குட்டையாகும். பாலித்தீனின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து சில இடங்களில் கட்டிதட்டும். பெட்டுக்கு மட்டும் ஒரு நல்வாய்ப்பு உண்டு: உருக்காமல், 200 டிகிரிக்குச் சற்று மேலே வெற்றிடத்தில் பல மணி நேரம் வைத்திருந்தால் அறுந்த சங்கிலிகள் மீண்டும் இணையும். பாட்டிலிலிருந்து பாட்டில் என்பது பெட்டில் சாத்தியமாகி, மற்றவற்றில் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேதிச் சேர்க்கைகளையும் சொல்லாமல் விடக் கூடாது. பிளாஸ்டிக்குடன் தொடர்புள்ள வேதிப்பொருள்கள் 16,000-க்கும் மேல் என்று 2024-இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பு கணக்கிட்டது. அவற்றில் நான்கில் ஒரு பங்கு கவலைக்குரியவை. சுழற்சி என்று வந்துவிட்டால் இவையும் சேர்ந்தே சுழலும். மின்னணுக் கருவிகளின் கறுப்பு உறையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்கள், சமையல் கரண்டியிலும் குழந்தைகளின் பொம்மைகளிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்குள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் நஞ்சு வந்து சேர்வதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. எதைச் சேர்த்தோம் என்று உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்வதும், சேர்ப்பவற்றின் பட்டியலைக் குறைப்பதும் மறுசுழற்சிக்கு முன்நிபந்தனைகள்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். பிளாஸ்டிக் உண்மையாகவே சுழலும் ஓர் இடம் நீண்ட காலமாகவே இருக்கிறது. யாரும் அதைப் புதுமை என்று கொண்டாடுவதில்லை. பானப் பாட்டில்களை அடுக்கி எடுத்துச் செல்லும் கிரேட்டுகள். கெட்டியான பாலித்தீனால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் ஆலைக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருக்கும். உடைந்தால் அதே நிறுவனம் திரும்ப எடுத்து, நறுக்கி, உருக்கி, அதே கிரேட்டாக வார்க்கும். இது எப்படி முடிகிறது? ஒரே வகை பிளாஸ்டிக், தெரிந்த நிறம், ஒட்டுப் பசை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கிரேட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அது தொலைந்தால் அவருக்கு நட்டம். அது கெட்டியாக இருந்தால் அவருக்கு லாபம். அதே கிரேட்டுக்குள் இருக்கும் பாட்டிலைப் பாருங்கள். விற்ற கணத்திலேயே அதை அனாதையாக்கிவிடுகிறோம். வாங்கியவருக்கு உள்ளே இருப்பதுதான் வேண்டும், விற்றவருக்கு விற்பனை முடிந்துவிட்டது.

என் அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: பயன்படுத்தி முடித்த பிறகும் எந்தப் பிளாஸ்டிக்குக்குச் சொந்தக்காரர் இருக்கிறாரோ அதுதான் சுழல்கிறது. உலகில் பலன் தந்த கொள்கைகள் எல்லாமே இந்த அனாதைப் பொருளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரரை உண்டாக்கியவை.

வைப்புத்தொகை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலோடு ஒரு சிறு தொகையைக் கட்டி, திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பப் பெறும் முறை. ஜெர்மனி ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 2003-இல் இதைக் கட்டாயமாக்கியது. லிதுவேனியா 2016-இல் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் 90 விழுக்காட்டைத் தொட்டது. மக்களின் குணம் இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. காலிப் பாட்டிலுக்கு மதிப்பு வந்தது. அதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. இப்படி வரும் பாட்டில்கள் தனியாக, சுத்தமாக வருகின்றன. நான் சொன்ன அடுப்புச் சோதனையில் அந்தச் சரக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, உற்பத்தியாளரின் பொறுப்பை விற்பனைக்குப் பின்னும் நீட்டிப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் 1990-இல் முன்வைத்த கருத்து இது. பொதி உறைகளுக்கான ஜெர்மனியின் ஆணை 1991-இலேயே வந்தது. ஆனால் இந்தச் சட்டங்கள் பலவற்றில் ஒரு குறை இருக்கிறது. எடைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வசூலித்தால், எளிதில் பிரியும் பாட்டிலைச் செய்தவரும், யாராலும் பிரிக்க முடியாத பொட்டலத்தைச் செய்தவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இன்னும் சொன்னால், மெல்லிய பொட்டலக்காரர் குறைவாகவே கட்டுவார். பிரிக்க முடியாததற்கு அதிகம், சுழலக்கூடியதற்குக் குறைவு என்று கட்டணம் ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் வடிவமைப்பாளரின் மேசைவரை அந்தச் செலவு போய்ச் சேரும்.

மூன்றாவது, மறுசுழற்சிப் பொருளுக்குச் சந்தையை உண்டாக்குவது. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதிய பிளாஸ்டிக் மலிவாகிறது; அப்போது எங்கள் குருணையை யாரும் சீண்ட மாட்டார்கள். கிடங்கு நிறைய நல்ல சரக்கை வைத்துக்கொண்டு ஆலையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பிரித்து, நன்றாகக் கழுவி, நன்றாக உருக்கிய பிறகும் வேறு எங்கோ நிர்ணயமாகும் ஒரு விலை நம் உழைப்பைக் குப்பையாக்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பெட் பானப் பாட்டில்களில் குறைந்தது 25 விழுக்காடும், 2030 முதல் எல்லா பிளாஸ்டிக் பானப் பாட்டில்களிலும் 30 விழுக்காடும் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதற்காகத்தான். விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் ஒருவர் துணிந்து ஆலை கட்டுவார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலக அளவில் மறுசுழற்சிக்காகச் சேகரிக்கப்படும் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தெருவிலும் குப்பைமேட்டிலும் பொறுக்கிச் சேர்ப்பவர்கள்தான் கொண்டுவருகிறார்கள் என்பது 2020-இல் வந்த ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. எந்த பிளாஸ்டிக் என்பதைத் தொட்டும், கசக்கியும், கீழே போட்டுச் சத்தம் கேட்டும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். புதிய திட்டங்கள் வரும்போது முதலில் வெளியே தள்ளப்படுபவர்களும் அவர்களே. அந்தத் திறமைக்கு ஊதியமும் பாதுகாப்பும் தராமல் கட்டப்படும் எந்தச் சுழற்சியும் எனக்கு ஒப்புதலில்லை.

மறுபயன்பாட்டைப் பற்றி: உருக்குவதைவிட, கழுவி அப்படியே நிரப்புவது பெரும்பாலும் மேல். ஆனால் எண்ணிக்கை பார்க்க வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் செய்த கணக்கில், சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் காலநிலைப் பாதிப்பில் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகிறது. மறுபயன்பாட்டுப் பாத்திரமும் அப்படித்தான். எத்தனை முறை திரும்பி வருகிறது, எவ்வளவு தூரம் பயணிக்கிறது, கழுவ எவ்வளவு சுடுநீர் என்பவையே அதன் பலனைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டால் இது நடக்காது. எல்லோருக்கும் பொதுவான சில அளவுகளில் பாத்திரங்கள் இருந்தால், அருகில் இருக்கும் யாரும் கழுவி நிரப்பலாம். தூரம் தானாகக் குறையும்.

வேதி மறுசுழற்சி பற்றி உற்சாகமான பேச்சு நிறைய இருக்கிறது. இதில் இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. பெட் போன்றவற்றை அவற்றின் மூலப் பொருள்களாகவே பிரிப்பது ஒன்று. ஜப்பானின் சகாய் நகரில் கண்டெடுக்கப்பட்டு 2016-இல் அறிவிக்கப்பட்ட, பெட்டைத் தின்னும் பாக்டீரியா இதற்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2020-இல் வேறொரு நொதியை மாற்றியமைத்து, பத்து மணி நேரத்தில் 90 விழுக்காடு பெட்டைப் பிரித்துக் காட்டினார்கள். துணியாகிப்போன பெட்டுக்கு, அதாவது பாலியெஸ்டருக்கு, இது நல்ல வழி என்று நம்புகிறேன். மற்றது, கலவைப் பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெயாக்குவது. அதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். வரும் எண்ணெயில் குளோரின் முதலான அசுத்தங்கள் இருக்கும். கணிசமான பங்கு எரிபொருளாகவே போய்விடும். வேறு வழியே இல்லாத கழிவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி வடிவமைப்பைத் திருத்தாமல் இருப்பது தவறு.

தாவர பிளாஸ்டிக் என்ற சொல் இன்னொரு குழப்பம். எதிலிருந்து வந்தது என்பது வேறு, மக்குமா என்பது வேறு. பிரேசிலில் 2010 முதல் கரும்பிலிருந்து பெரிய அளவில் பாலித்தீன் செய்கிறார்கள். அது மக்காது, ஆனால் சாதாரணப் பாலித்தீனோடு சேர்ந்தே மறுசுழற்சி ஆகும். மக்கும் என்று விற்கப்படும் பி.எல்.ஏ. (PLA) என்ற தாவர பிளாஸ்டிக் சுமார் 58 டிகிரி வெப்பமுள்ள உர ஆலையில் மக்கும். கடலிலும் வயல் ஓரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பார்ப்பதற்கு பெட் போலவே இருப்பதால் பெட்டோடு கலந்து அதையும் கெடுக்கும். உணவுக் கழிவோடு பிரிக்க முடியாமல் போகும் பைகளுக்கு அது பொருத்தம். பாட்டிலுக்கு வேண்டாம்.

உற்பத்தியைப் பொறுத்தவரை, 2019-இல் உலகின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் 3.4 விழுக்காடு பிளாஸ்டிக்கினுடையது. அதில் 90 விழுக்காடு, எண்ணெயிலும் எரிவாயுவிலும் தொடங்கி பொருளாக மாறுவதற்குள்ளேயே வெளியாகிறது. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தா என்ற மூலப்பொருளை 850 டிகிரியில் உடைக்கும் உலைகளை மின்சாரத்தில் இயக்கும் முதல் செயல்விளக்க ஆலை 2024-இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் தொடங்கியது. நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனாலும் தயாரிக்கப்படாத ஒரு டன்னுக்கு நிகரான சேமிப்பு எந்த உலையிலும் இல்லை. உற்பத்தி அளவுக்கு வரம்பு வேண்டுமா என்ற இந்தக் கேள்வியில்தான், 2022-இல் நைரோபியில் தீர்மானிக்கப்பட்ட உலக பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சு 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவில்லாமல் கலைந்தது. வேறு எதைப் பேசினாலும் அந்தக் கேள்வியைச் சுற்றிப் போக முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது குறைவு, ஆனால் தெளிவானது: காலி செய்யுங்கள், ஒரு முறை அலசுங்கள், மூடியைப் போட்டே கொடுங்கள், சந்தேகமானதை "எதற்கும் இருக்கட்டும்" என்று மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்கள் 1988-இல் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கக் கொண்டுவரப்பட்டவை. அந்தப் பொருள் மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழியை அவை தரவில்லை.

கடைசியாக, ஒரே ஒரு மாற்றம். விற்ற பொதியைத் திரும்பப் பெற்று, அதில் ஒரு பங்கைத் தன்னுடைய அதே வகைப் பொதியிலேயே மீண்டும் சேர்த்தாக வேண்டும் என்று உற்பத்தியாளரை விதி கட்டாயப்படுத்த வேண்டும். வேறு எங்கோ பூந்தொட்டியானதைக் கணக்குக் காட்டக் கூடாது. பாட்டில் செய்தவருக்குப் பாட்டிலாகவே திரும்ப வேண்டும். அப்படி ஒரு விதி வந்தால் பி.வி.சி. லேபிளை எடுக்கச் சொல்லி நாங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தட்டில் கருகிக் கிடக்கும் அந்தப் பழுப்புச் செதில்களுக்கு அவரே விலை கொடுப்பார். அந்த சோப்பு பாட்டிலின் பம்பும் மாறிவிடும். எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஸ்பிரிங்கே வைத்து, முழுக்க முழுக்கப் பாலித்தீனால் ஆன பம்புகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. அழுத்திப் பார்த்திருக்கிறேன், கையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.